சீராக வந்த ஸ்பீக்கர்கள்

அவர் நீல விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்ப்ளிஃபயரின் நெற்றியில் கடுகளவு வெளிச்சம். அது நீலமாக எரிகிற வரையில் வீட்டின் மானத்துக்குக் குறைவில்லை.

விருந்து முடிந்த மதியம். திரைச்சீலை வழியாக வெயில் கரைந்து வந்தது. நாகஸ்வரம் நீலாம்பரியில் அலைந்துகொண்டிருந்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல, அவ்வளவு மெல்ல.

எதிரே சம்பந்தி நல்லமுத்து கண்மூடிச் சாய்ந்திருந்தார். மார்பளவு உயரமுள்ள அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் நல்லமுத்து தன் மகளுக்குக் கொடுத்த சீர். கல்யாணத்தன்று வைத்த குங்குமம் உச்சியில் இன்னும் இருந்தது.

உட்காரச் சொல்லாத விருந்தாளிகளைப்போல அவை சுவரோரம் நின்றன.

சீரோடு ஓர் ஆம்ப்ளிஃபயரும் வந்தது. அந்த ஸ்பீக்கர்களுக்கென்றே பார்த்து வாங்கியது. மண்டபத்தில், எல்லோர் முன்னிலையிலும், அதை மாப்பிள்ளையின் அப்பாவான அவர்தான் திருப்பி அனுப்பினார்.

“பொட்டி ரெண்டும் இருக்கட்டுங்க. ஆம்ப்ளிஃபயர் எங்கூட்டுலயே இருக்குது.”

சொன்ன சொல் சொன்னதுதான்.

இருந்தது உண்மை. பொருந்தவில்லை.

ஸ்பீக்கர்களின் மின்தடை நாலு ஓம். வீட்டில் இருந்தது எட்டு ஓமுக்குச் செய்தது. சத்தத்தைக் கூட்டினால் அவை கேட்கிற மின்சாரத்தை இதனால் கொடுக்க முடியாது. சூடேறும். விளக்கு சிவக்கும். அப்புறம் மௌனம்.

வேறு வாங்கிவிடலாம் என்றான் மகன். வாங்கினால், அன்று செய்தது பிழை என்று அவரே ஊருக்குச் சொன்னதாகும்.

நாகஸ்வரம் ஒரு சுரத்தில் நின்று அசைந்தது. அவர் இமைகள் கனத்தன. அறை மிதந்தது. மிதக்கிற அறையில் அந்த இரண்டு கறுப்பு உருவங்களும் ஏதோ சொல்ல வாயெடுத்தன. சொல்லாமல் விட்டன. மறுபடி வாயெடுத்தன.

விழித்துக்கொண்டார்.

தவில் சேர்கிற இடம் வரப்போகிறது.

“இன்னுங் கொஞ்சம் சத்தமா வெய்யி கண்ணு” என்றார் சம்பந்தி, கண் திறக்காமல்.

மருமகள் சுகந்தி ஆம்ப்ளிஃபயரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விரல்கள் சத்தக் குமிழின் மேல்.

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை.

“வேண்டாங்கப்பா. மாமாவுக்கு மெதுவாக் கேட்டாத்தானுங்க புடிக்கும்.”

குமிழை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

தவில் வந்தது. பஞ்சின் மேல் பெய்கிற மழைபோல.

விளக்கு நீலமாகவே இருந்தது.

விளக்கை விட்டுவிட்டு, அவர் முதன்முறையாக இசையைக் கேட்டார். அந்த மெதுவிலும் எல்லாம் இருந்தன. வாசிப்பவர் மூச்சை இழுப்பது. தோலின் மேல் விரல் உரசி விலகுவது. யாரோ தூரத்தில் தாளத்துக்குத் தொடை தட்டுவது.

சம்பந்தி கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களை.



இசை முடிந்ததும், சாப்பாடு அருமை என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பெண் வீட்டாரை அவர் எப்போதும் வாசற்படியில் நின்றுதான் வழியனுப்புவார். அன்றும் படியிலேயே நின்றார்.

காரின் பின் இருக்கையில், அன்று மண்டபத்திலிருந்து திரும்பிப்போன அட்டைப்பெட்டி தெரிந்தது. ஆளை உட்கார வைப்பதுபோல சீட் பெல்ட் போட்டிருந்தது. மேலே குங்குமம்.

சம்பந்தி முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். சுகந்தி பெட்டியைப் பார்க்காதவள்போல வேறு பக்கம் திரும்பி நின்றாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் குனிந்து செருப்பைத் தேடினார். ஒன்றுதான் அகப்பட்டது.

அதையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு வெயிலில் இறங்கினார். நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. காரின் பின் கதவருகே போய் நின்றார்.

இரண்டு கைகளையும் நீட்டினார்.