சரிபார்த்தவர்

"மணி மூணு நாற்பது சார். நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்திடுவீங்க. இப்பவாவது சொல்லுங்க, இன்னும் என்ன குறை?"

பதினான்காம் எண் ஜன்னலின் ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்தது. யாராக இருந்தாலும் குனிந்துதான் பேச வேண்டும். அவள் காலை பத்து மணியிலிருந்து குனிந்துகொண்டிருந்தாள். நடுவில் மூன்றாம் ஜன்னலுக்கு இரண்டு முறையும் ஒன்பதாம் ஜன்னலுக்கு ஒரு முறையும் போய் வந்திருந்தாள்.

உள்ளே இருந்த எழுத்தர் அவளுடைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நூலகத்துல பாக்கி இல்லைன்னு வாங்கின சான்று இது. முப்பது நாளைக்குத்தான் செல்லும். இன்னிக்கு முப்பத்திரண்டு."

"அந்த முப்பது நாளும் அது உங்க மேசையிலதான் சார் இருந்துச்சு."

"அதுக்காகத் தேதி நிக்குமா?"

"புதுசு வாங்கிட்டேன். அடியில பாருங்க."

அடியில் இருந்தது. ஏமாந்தவர்போல் அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"துறைத்தலைவர் முத்திரை?"

"இருக்கு."

"விடுதி?"

"நான் விடுதியில தங்கவே இல்லை சார்."

"தங்கலைன்னு விடுதியில எழுதி வாங்கணும்."

"வாங்கிட்டேன். ரெண்டு விடுதியிலயும்."

பின்னால் நின்ற தாடிக்காரன் சிரித்தான். ஆராய்ச்சி மாணவன். "நீங்க பரவாயில்லைக்கா. பெண்கள் விடுதியிலயும் நீ தங்கலைன்னு எழுதி வாங்கிட்டு வான்னு என்னை அனுப்பினாங்க. வாட்ச்மேன் துரத்தாத குறைதான்."

அவளுடைய போன் அதிர்ந்தது. அம்மா.

"சேர்ந்துட்டியாடி?"

"இல்லம்மா. ஜன்னல்ல நிக்கிறேன்."

"காலையிலயும் இதையேதானே சொன்னே? உங்கப்பா நாலு தடவை கேட்டுட்டார்."

"அஞ்சாவது தடவை கேட்டா இதையே சொல்லு."

"போன் பேசறதுன்னா வரிசையை விட்டு வெளியில போய்ப் பேசும்மா," என்றார் எழுத்தர்.

அவள் போனைப் பையில் போட்டாள்.

"சார், இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் வேலையில சேரணும். இத்தனை வருஷம் ஓட்டின தற்காலிகச் சான்றிதழ் போதாதாம். ஒரிஜினல் பட்டச் சான்றிதழ் இல்லாம சேர்க்க மாட்டேங்கிறாங்க. ரெண்டு தடவை கெஞ்சி நாள் வாங்கிட்டேன். இனிமே கிடையாதாம். ஆறு வருஷம் பரீட்சை எழுதி எழுதிக் கிடைச்ச வேலை. இதை விட்டா அடுத்த பரீட்சைக்கு எனக்கு வயசு தாண்டிடும். நான் இங்கதான் சார்..."

"இங்கதான் படிச்சே. தெரியும்மா. வரிசையில நிக்கிற எல்லாரும் இங்கதான் படிச்சாங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். விளக்கம் சொன்னால் அதற்கும் ஒரு தாள் கேட்பார்.

எழுத்தர் கடைசித் தாளையும் பார்த்து முடித்தார். "எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப கொடுங்க சார்."

"சான்றிதழ் எப்பவோ தயார். அதோ." முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியைக் கட்டைவிரலால் காட்டினார். கதவு திறந்திருந்தது. நான்கு தட்டுகளிலும் கட்டுக்கட்டாகச் சான்றிதழ்கள். "ஆயிரத்து நூறு இருக்கும். அச்சடிச்சாச்சு. துணைவேந்தர் கையெழுத்தும் ஆயாச்சு. கீழே 'சரிபார்த்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு இனிஷியல் விழணும். அவ்வளவுதான்."

"நீங்களே போடக் கூடாதா?"

"நான் தயாரிச்சவன். தயாரிச்சவனே சரிபார்க்கலாமா? அதுக்குத் தனி சீட்டு, தனி ஆள். அந்த சீட்டுல இருந்தவர் ஓய்வு பெற்று ஏழு மாசம் ஆகுது."

"வேற யாராவது?"

"கேட்டு எழுதினோமே. புது ஆள் போட்டாச்சு, அவங்க வந்து பார்த்துக்குவாங்க, வேற யாரும் தொட வேண்டாம்னு பதில் வந்துச்சு. அதுவும் ஆச்சு மூணு மாசம். ஆள் வந்தபாடில்லை."

அவளுக்குக் காதுவரை சூடேறியது. இத்தனை நாளும் எழுத்தரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசமா? ஆர்டரைக் கையில வாங்கிட்டு மூணு மாசமா என்ன சார் பண்றாங்க?"

"பல்லக்கு அனுப்பினா வருவாங்களோ என்னமோ," என்றான் தாடிக்காரன்.

"எனக்கெல்லாம் ஒரு நாள் தள்ளிப் போட வழியில்லை. நாயா அலையறேன். அங்க யாரோ வேலையும் வாங்கிட்டு, கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருக்காங்க. ஆயிரம் பேர் வயித்தெரிச்சல் சும்மா விடுமா?"

"நல்லாக் கேளுங்கக்கா!"

எழுத்தருக்கும் அது பிடித்திருந்தது. முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "சரியாச் சொன்னேம்மா. அவங்களுக்கும் சேர்த்துத் திட்டு வாங்கறது நான்தான்."

"யாரு சார் அது? பேரைச் சொல்லுங்க. வீட்டுக்கே போய் இழுத்துட்டு வரேன்."

"பேர் எங்களுக்கு வராது. சீட்டு நம்பர்தான் வரும்." அவர் ஒரு பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார். "ப-9."

"என்னது?"

"ப-9."

அவள் பையிலிருந்து நான்காக மடித்த தன் வேலை ஆர்டரை எடுத்தாள். பிரித்து, மூன்றாவது வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு குனிந்து, அதை ஓட்டை வழியாக உள்ளே தள்ளினாள்.

"ப-9 நான்தான் சார். சான்றிதழைக் காட்டாம சேர்க்க முடியாதுன்னு மேல் மாடியில சொல்லிட்டாங்க. இப்ப அந்த இனிஷியலை யார் போடுறது?"