தெ.

பள்ளிக்கூட எழுத்தர் மூன்றாவது பீரோவையும் திறந்துவிட்டார்.

ஐம்பத்து மூன்று வயதில் அப்பா பெயரைக் கண்டுபிடிக்க வந்திருக்கிறேன்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவாக இருக்கக்கூடியவர்.

என்னிடம் இருந்த துப்பு ஒன்றே ஒன்றுதான். என் பெயருக்கு முன்னால் நிற்கிற ‘தெ’. அப்பா யார் என்று கேட்டால் அம்மா வாயே திறக்க மாட்டாள். சரி, அந்த எழுத்துக்காவது விளக்கம் சொல் என்றால், “அதெல்லாம் ஸ்கூல்ல போட்டது” என்பாள். கைநாட்டுக்காரி. மழுப்புகிறாள் என்று நினைத்தேன். கடைசிவரை அதையே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

ஆனாலும் நான் கொடுத்துவைத்தவன் என்றுதான் எண்ணிக்கொண்டேன். ‘க’ என்றோ ‘மு’ என்றோ இருந்திருந்தால் ஊரில் பாதிப் பேரைச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். ‘தெ’ அப்படியில்லை. தெய்வம் என்று தொடங்கும் பெயர்கள் நாலைந்து, தென் என்று தொடங்குவன இரண்டு மூன்று, அவ்வளவுதான்.

ஒரு ‘த’வையும் ஒற்றைக் கொம்பையும் வைத்துக்கொண்டு ஆள் தேடக் கிளம்பியவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்பாள் என் மனைவி.

முப்பது வருடம் தேடினேன். ஒருவர் அம்மாவைப் பார்த்ததே இல்லை என்றார். இன்னொருவர் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார். மற்றவர்கள் சுவரில் படமாகத் தொங்கினார்கள்.

பெரியவர் தானாக வந்து சேர்ந்தார். கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பது என் வேலை. நாள் முழுக்க எழுத்தைக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டுத்தான் பிழைப்பு. போன மாதம் சீட்டில் எழுதுவதற்காக அவர் பெயரைக் கேட்டேன். ‘தெ’வில் ஆரம்பித்தார். என் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வண்டி ஓட்டினாராம். அம்மா துணி மடித்த அதே சலவைக்கூடம், அதே வருடங்கள்.

விஷயத்தைச் சொன்னால் அடிக்க வருவார் என்று பயந்தேன். அவரோ, “வயசுல நான் ஒழுங்கா இருந்தவன் இல்லப்பா, இருந்தாலும் இருக்கும்” என்றார். பெண்டாட்டி போய்விட்டாள், பிள்ளை கிடையாது. மறுவாரமே எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்தார். தொளதொளவென்று இருந்தது. போட்டுக்கொண்டேன்.

ரத்தத்தைக் கொடுத்துச் சோதித்துவிடலாமே என்று மனைவி கேட்டாள். எனக்கு வேண்டியிருந்தது அம்மாவின் வாய்ச்சொல். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று யாராவது கேட்டிருப்பார்கள். அவளும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருப்பாள்.

எழுத்தர் தூசியை ஊதிவிட்டுப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். சேர்க்கை எண். என் பெயர், இனிஷியல் இல்லாமல். பிறந்த தேதி. ஓரத்தில் ஊதா மையில் அம்மாவின் பெருவிரல்.

தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில், அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதியிருந்தார்கள்.

தெரியாது.

பிறகு வகுப்புப் பட்டியலுக்காகப் பெயர்களை நகல் எடுத்த யாரோ, அந்தக் கட்டத்தின் முதலெழுத்தை எடுத்து என் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்த மாதிரியே.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. எழுத்தர் என்னவோ போல் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பெரியவர் அவசரமாக எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “என்ன பேருப்பா போட்டிருக்கு?”

இருந்ததைச் சொன்னேன். “தெரியாது.”

அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனால் உடனே என் தோளில் கையைப் போட்டு, “இதுக்கெல்லாமா கண்கலங்குவாங்க? பழைய நோட்டுத்தானே, எங்க போயிடப் போகுது. நாளைக்கு வந்து நிதானமாத் தேடுவோம், வா” என்றார்.