அயர்ன்காரரின் சந்தேகம்

"மேடம், ஒரு சந்தேகம்."

மறுபடியும் அந்த அயர்ன்காரர்தான். நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தையல் கம்பெனிச் சுவரில் மாட்டியிருந்த ஷாக் பெட்டியைப் பற்றிச் சொல்லித்தர வந்திருந்தாள். திடீரென்று சுருண்டு விழுந்தவரின் இதயத்தை மறுபடி ஓட வைக்கிற பெட்டி. கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய பேச்சு, எல்லாருடைய சாப்பாட்டு நேரத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

"கேளுங்க."

அவர் உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க இதைத் தொடலாமா?"

"அண்ணே, படிக்கவே வேண்டாம். திறந்தா அதுவே பேசும். அது சொல்றபடி செஞ்சா போதும். பத்து தடவை சொல்லிட்டேன்!"

"நெஞ்சு வேர்த்திருந்தா?"

"துடைச்சிட்டுப் பெட்டியில இருக்கிற பட்டைகளை ஒட்டுங்க."

"தெரியாம ஷாக் கொடுத்து, ஏதாவது ஆயிட்டா?"

"தேவையில்லைன்னா அது ஷாக்கே கொடுக்காது!"

"பின்தெருவுல ஒருத்தர் வீட்டுல விழுந்துட்டா, ஓடி வந்து எடுத்துட்டுப் போகலாமா?"

"யார் வேணாலும் எடுக்கலாம், யாருக்கு வேணாலும் எடுக்கலாம். அதுக்குத்தானே பூட்டுப் போடாம வாசல்கிட்ட மாட்டியிருக்கு!"

"அப்படியே தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குங்கண்ணே!" என்றது ஒரு குரல். ஹாலே சிரித்தது.

ஒரு வழியாகக் கூட்டம் கலைந்து சாப்பிட உட்கார்ந்தது. சூப்பர்வைசர் தயங்கித் தயங்கி வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். இவருக்கு இன்னைக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. போன வருஷம் இதே பெட்டியை வச்சு நம்ம வாட்ச்மேனைப் பிழைக்க வச்சதே இவர்தான்."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. நேராக அயர்ன் மேஜைக்குப் போனாள்.

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் என்னை வச்சு விளையாடுறீங்களா?"

"ஐயையோ, இல்லைங்க மேடம்." உள்ளங்கையை விரித்தார். வேர்வையில் கசங்கிய சீட்டு. கோணல்மாணலாகப் பென்சில் எழுத்து.

"அதோ, நூல் வெட்டுற பொண்ணு எழுதினது. பின்தெருவுலதான் வீடு. போன மாசம் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, பிழைச்சதே மறுபிறவி. கைக்குழந்தை வேற. நானே சொல்லிப் பார்த்தேன், நர்ஸ் வாயால கேட்டாத்தான் தைரியம் வருமாம். நாலு பேர் முன்னால அதுக்கு வாயே திறக்காது."

மூலையில் அந்தப் பெண் டிபன் பாக்ஸைத் திறக்காமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி மேடம். அதை மட்டும் அத்தனை சிரிப்புக்கு நடுவுல கேட்க எனக்கு மனசு வரலை."

சீட்டை நீட்டினார். கடைசி வரியில் எழுதியிருந்தது:

'ஷாக் கொடுக்கும்போது அவருக்கு வலிக்குமா?'