பதினேழு வருஷக்காரி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டுமானால் கற்பூரத்தை ஏற்றுங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

என் மனைவி அம்சவேணிக்குச் சினைப்பையில் புற்று. இப்போதெல்லாம் கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து, அதன் மூலக்கூறுகளைப் பார்த்து, இன்னும் எத்தனை காலம் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். தாளை நான்தான் வாங்கிவந்து எல்லாருக்கும் படித்துச் சொன்னேன்: பதினேழு வருஷம்.

"லட்சத்துல ஒருத்தி நீ, அக்கா" என்று அவள் தங்கை போனிலேயே சிரித்தாள். அதோடு சரி. பார்க்க வருவதற்கென்று ஹார்லிக்ஸ் வாங்கியவர்கள் அதைத் தாங்களே குடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பிலோமினாவின் தாளில் எட்டு மாதம். அவளைப் பார்க்கத் திருவாரூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த திராட்சையில் அம்சவேணிக்கும் ஒரு கொத்து கிடைத்தது.

டொராண்டோவிலிருந்து மகன் சோமசேகர் பேசினான். "அப்பா, அம்மாவுக்குத்தான் பதினேழு வருஷம் இருக்கே. லீவை இப்பவே ஏன் செலவழிக்கணும்?"

"நியாயந்தானே" என்றாள் அம்சவேணி, மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே. "அடுத்த வருஷம்னா முடி வளந்திருக்கும். பாக்க நல்லா இருப்பேன்."

பத்தாவது வாரம் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, பதினேழு வருஷமும் இப்படியேவா?" என்று கேட்டாள். மிகவும் பயந்துபோயிருந்தாள். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

பதினாறாவது வாரம் இறந்தாள். மகன் வந்து சேர்வதற்குள் எரித்தாகிவிட்டது. எல்லாரும் பரிசோதனை செய்தவர்களைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

அந்தத் தாளில் அச்சாகியிருந்தது நான்கு மாதம்.