மூன்றாவது அழைப்பு

இருட்டுகிற நேரம். மாடிப்படியிலிருந்து “அக்கா…” என்று ஒரு குரல் கேட்டது. கதவைத் திறக்க எழுந்த கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் மனைவி.

“பொறுங்க. மனுஷங்கன்னா மூணு தடவை கூப்பிடுவாங்க. அது ஒரு தடவைதான் கூப்பிடும். அதுவும் தெரிஞ்சவங்க குரல்லயே. கதவைத் திறந்தா அவ்வளவுதான்.”

“யாரு இப்படிக் கதை அளந்தது?”

“கீழ் வீட்டுத் தையல்காரம்மா. துணி தைக்கக் கொடுக்கப் போற எல்லார்கிட்டயும் சொல்றாங்க.”

“அந்தம்மா வாய்க்குப் பூட்டே கிடையாது” என்று முணுமுணுத்தாலும், அவன் உட்கார்ந்துவிட்டான்.

மறுபடி குரல் வரவில்லை.

“பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

காலையில் வேலைக்குக் கிளம்பியவன் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

படியில் சரிந்து கிடந்தாள் தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப். கையில் அவன் மனைவிக்குத் தைத்த சட்டை. தொட்டுப் பார்த்தான். உடம்பு சில்லிட்டிருந்தது.

எதிர் வீட்டுக் கதவும் மெல்லத் திறந்தது. எட்டிப் பார்த்த எதிர் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்தது.

“நேத்து கூப்பிட்டது இவங்கதானா?” என்றார். “நாங்களும் மூணாவது தடவை கூப்பிடட்டும்னுதான் கதவுக்குப் பின்னாலயே நின்னுக்கிட்டு இருந்தோம்.”