கோவித்துக்கொண்ட கொழுப்பு

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன். நாய்கள் துரத்த, ஒரு வெள்ளாடு ஓடி ஓடித் தளர்ந்துபோச்சு. மூளைக்கடியில் இருக்கிற சுரப்பி, சிறுநீரகத்து மேலே தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பிக்கு அவசரமாக ஒரு சேதியை அனுப்பியது.

அந்தச் சுரப்பி வீட்டுக்குள்ளே சேதி போகக் கூடாது, அதுதான் வழக்கம். வாசலிலேயே நின்று, "தெம்பு மருந்து காய்ச்சணுமாம்!" என்றது. கதவு அதை உள்பக்கம் திரும்பிக் கத்தியது. அடுப்பும் மூட்டியாச்சு. ஆனால் மருந்தாக வேண்டிய பெரிய கொழுப்பு, அடுக்களை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"சேதி கதவுக்குத்தானே வந்தது? என்னை முறையா யார் கூப்பிட்டா?"

கொழுப்பை உள்ளே அழைத்துப்போவதற்கென்றே அங்கே ஒருத்தி இருந்தாள். "ஆடு விழுந்துடும், மாமா!" என்றாள்.

"விழட்டும். மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவள், பெரிய கொழுப்புக்குப் பின்னால் வரிசையில் நின்ற சின்னக் கொழுப்பைப் பார்த்துக் கைகூப்பினாள். "வாங்க சித்தப்பா, முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

"நான் இருக்கும்போது அவனுக்கா?" என்று பெரிய கொழுப்பு இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மருந்து கொதித்தது. தெம்பு வந்த ஆடு உயரப் பாறையில் தாவி ஏறித் தப்பித்தது.

"அப்போ என்னைக் கூப்பிட்டது?" என்று சின்னக் கொழுப்பு முறைத்தது.

"நீங்க கோவிச்சுக்கிட்டு இப்படி உட்காருங்க, சித்தப்பா" என்று சொல்லி, அவள் ஒரு பலகையை எடுத்துப் போட்டாள்.