நூற்றுப் பதினெட்டாம் எண்

'ஓநாய் வீட்டுக்கு வெளியே நிற்கிறவரைக்கும் எனக்குப் பயமில்லை. எங்கள் வீட்டில் அது தினமும் ஆறு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறது.'

படித்ததும் லைப்ரரி அக்கா முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். முத்திரை குத்த வேண்டிய புத்தகங்கள் மேஜையில் மலையாகக் கிடந்தன. அவள் அந்தச் சீட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் பிரிவில் அது அவள் கொண்டுவந்த வழக்கம். ஒரு கார்டுக்கு ஒரு படப் புத்தகம், ஒரு தடிப் புத்தகம். இரண்டிலும் 'படித்தபோது என்ன தோன்றியது?' என்று ஒரு சீட்டு. பெயர் வேண்டாம், கார்டு எண் போதும். 'நீங்கள் எழுதுவதை யாருக்கும் காட்டமாட்டோம்' என்று அடியில் அவளே அச்சடித்துப் போட்டிருந்தாள்.

மற்ற பிள்ளைகள் 'சூப்பர்' என்பார்கள். 'முடிவு சப்புன்னு இருக்கு, மாத்துங்க' என்று அதிகாரம் பண்ணுகிற வாண்டுகளும் உண்டு. 118 மட்டும் வேறு ரகம். கலங்கரை விளக்கத்தில் அடைத்துவைக்கப்பட்ட பெண்ணின் கதைக்கு, 'அவளுக்கு ஜன்னலாவது இருக்கிறது. பொறாமையாக இருந்தது' என்று எழுதியிருந்தது. சுரங்கம் தோண்டித் தப்பிக்கிற கதைக்கு, 'இரண்டு தடவை படித்துவிட்டேன். தைரியம்தான் வரவில்லை.'

118 என்பது ஓட்டைப்பல். ஒன்பது வயதுப் பெண். படப் புத்தகத்துச் சீட்டில் மீசை வைத்த பூனையைக் கிறுக்கி வைப்பாள்; தடிப் புத்தகத்துச் சீட்டிலோ எழுத்து மணி மணியாக இருக்கும். இந்த வயதில் இப்படி ஒரு கையெழுத்தா என்று அக்கா பலமுறை வியந்திருக்கிறாள்.

அன்று மதியம்கூட வாயைக் கிளறிப் பார்த்தாள். "ஓநாய் கதை எப்படிடா இருந்துச்சு?"

"தூக்கிட்டு வர்றதுக்குள்ள கையே வலிச்சுப் போச்சுக்கா!" என்றுவிட்டு ஓடிவிட்டது.

பயந்த பிள்ளைகள் இப்படித்தான் பேச்சை மாற்றும் என்று அக்காவுக்குத் தோன்றியது. அதற்குமேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று சீட்டுகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, கார்டில் இருந்த விலாசத்தைத் தேடிக் கிளம்பினாள்.

ஆறு அடித்துப் பத்து நிமிஷம். வாசலில் ஒரு ஜோடி தோல் செருப்பு, ஓரமாக, நேராக. அதைப் பார்த்ததுமே அவள் ஓரடி பின்வாங்கினாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் கதவு திறந்தது.

"அடடே, லைப்ரரியில இருந்தா? வாங்க வாங்க. பாப்பா உங்க புராணம்தான் எப்பவும்."

ஓட்டைப்பல்லின் அப்பா நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஓட்டைப்பல் ஓடிவந்து அவர் முதுகில் தொற்றிக்கொண்டது. பிறகு அக்காவின் கையைப் பிடித்துத் தரதரவென்று தன் அறைக்கு இழுத்துப் போனது. ஒரு சுவர் முழுக்க ஜன்னல். கையில், காலில் ஒரு கீறல் இல்லை. சிரிப்புக்கும் பஞ்சமில்லை.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. ஒரு குழந்தையின் கற்பனையை நம்பி, ஒரு நல்ல மனிதரை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இருட்டுக் குகை மாதிரி இருந்த சமையலறையிலிருந்து ஓட்டைப்பல்லின் அம்மா வந்து, தண்ணீர் வைத்துவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"பாப்பா, அக்காவோட புத்தகத்தையெல்லாம் எடுத்துட்டு வா," என்று மகளை உள்ளே அனுப்பிவிட்டு அவர் கேட்டார். "என்ன விஷயமா வந்தீங்க?"

நிம்மதியில் அக்காவின் வாய் கட்டுக்கடங்காமல் போயிற்று. "தப்பா நெனைக்காதீங்க சார். உங்க பொண்ணு எழுதினதப் படிச்சு நான் வெலவெலத்துப் போயிட்டேன். எழுத்தாளரா வருவா, பாருங்க!" கைப்பையைத் திறந்து சீட்டுகளை நீட்டினாள்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

அவர் மூன்றையும் நிதானமாகப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு அதே சிரிப்போடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும். கற்பனை கொஞ்சம் ஜாஸ்திதான் எங்க வீட்ல."

இரண்டு புத்தகங்களையும் சுமந்துகொண்டு ஓட்டைப்பல் கேட் வரை கூடவே வந்தது. பின்னாலிருந்து அவர் குரல் கொடுத்தார். "பாப்பா, நீ கொஞ்ச நேரம் வெளியிலயே விளையாடு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அக்கா புத்தகங்களை வாங்கிக்கொண்டு, ஓட்டைப்பல்லின் கன்னத்தைக் கிள்ளினாள். "போக்கிரி! நீ எழுதினதப் படிச்சிட்டு எப்படிப் பயந்துட்டேன் தெரியுமா?"

ஓட்டைப்பல் ஒன்றும் புரியாமல் விழித்தது.

"நான் பூனை மட்டும்தான் போடுவேன்க்கா. தடிப் புத்தகமெல்லாம் அம்மாவுக்கு."